கணினிக்குள் ஒரு கணினி

நுழையும்முன்

ஒரு கருவி இயங்க மறுக்கும்போது அதனைக் கைவிட்டுவிடுவதும், காரணம் அறியாமலே திரும்பத் திரும்ப முயல்வதும் எளிய செயல்கள். பழுது எந்தப் படியில் நேர்ந்தது என்று பின்னோக்கித் தேடிச் செல்வதற்குப் பயிற்சி வேண்டும். மெய்நிகர் கணினி ஒன்றில் இயக்க அமைப்பை நிறுவும்போது நேரும் தடைகளையும் அவற்றின் காரணங்களைக் கண்டறியும் முறையையும் மரக்காணத்து உப்பளங்களின் பின்புலத்தில் இக்கட்டுரை விளக்குகிறது.

உப்பளத்தின் படிகள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர் மரக்காணத்தை நெருங்கும்போது, வயல்வெளி மறைந்து வெள்ளை வெளி தொடங்குவதைக் காண்பர். விழுப்புரம் மாவட்டத்தின் இக்கடற்கரை ஊரில், கழுவெளி ஏரியைக் கடலோடு இணைக்கும் கழிமுகத்தை ஒட்டி உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று கருதும் ஆய்வாளரும் உளர். நெய்தல் நிலத்தின் பழந்தொழிலாகிய உப்பு விளைவித்தல் இங்கு இன்றும் நடைபெறுகிறது.

உப்பு ஒரே பாத்தியில் விளைவதன்று. உவர்நீர் முதலில் தேக்கத்தில் நிற்கும். பிறகு பாத்தி பாத்தியாக நகர்ந்து, வெயிலிலும் காற்றிலும் செறிவு ஏறும். இச்செறிவைப் போமே என்னும் அளவால் குறிப்பர்; உப்பளத்தார் அதனை ‘டிகிரி’ என்றே வழங்குவர். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. இடைப்பட்ட பாத்திகளில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்து நீங்க, ஏறத்தாழ 25 டிகிரியை எட்டும்போதுதான் சமையல் உப்பு படிகமாகத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் உடன் சேர்ந்து கசப்பேறும். கடைசிப் பாத்தியில் வாரிய உப்பு கசந்தாலோ, கலங்கலாக இருந்தாலோ, பட்டறிவுடைய தொழிலாளி அந்தப் பாத்தியை மட்டும் நோக்குவதில்லை. நீர் எந்த வாய்க்கால் வழியே, எந்த அளவில், எப்போது திறந்துவிடப்பட்டது என்று முந்தைய பாத்திகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பார். குறை வெளிப்படுவது ஓரிடத்தில். அது பிறப்பது வேறோரிடத்தில்.

கணினியில் இயக்க அமைப்பை நிறுவுவதும் இவ்வாறு படிப்படியாக நிகழும் செயலே. திரையில் தோன்றும் பிழைச் செய்தி கடைசிப் பாத்தியைப் போன்றது.

மெய்நிகர் கணினி

ஒரு கணினியின் செயலி, நினைவகம், வன்தட்டு ஆகியவற்றில் ஒரு பங்கைப் பிரித்து, மென்பொருளால் மற்றொரு கணினியைப் போலவே இயங்கச் செய்வதை மெய்நிகர் கணினி என்கிறோம். இடந்தருகின்ற உண்மைக் கணினி புரவலர் எனவும், அதனுள் இயங்கும் மெய்நிகர் கணினி விருந்தினர் எனவும் பெயர் பெறும். இவ்விரண்டிற்கும் இடையே நின்று வளங்களைப் பங்கிட்டு அளிக்கும் மென்பொருள் ஹைப்பர்வைசர் எனப்படும். விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், ஹைப்பர்-வி, கேவிஎம் ஆகியன இவ்வகையின.

இக்கருத்து அண்மையில் தோன்றியதன்று. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தில் 1964இல் தொடங்கிய சிபி-40 என்னும் முயற்சி, 1967இல் பயன்பாட்டுக்கு வந்தது. அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்ற ஒரே பெருங்கணினியைப் பலர், தமக்கே உரிய தனிக்கணினி போலப் பயன்படுத்த அது வழிவகுத்தது. 1974இல் பாபெக், கோல்ட்பர்க் என்னும் இருவர், ஒரு செயலியை இவ்வாறு மெய்நிகராக்குவதற்கு உரிய நிபந்தனைகளை வரையறுத்தனர். நம் மேசைக் கணினிகளில் உள்ள எக்ஸ்86 வகைச் செயலிகள் அந்நிபந்தனைகளை முழுமையாக நிறைவு செய்யவில்லை. 1999இல் விஎம்வேர் நிறுவனம் மென்பொருள் உத்திகளால் இத்தடையைக் கடந்தது. பின்னர் 2005இல் இன்டெலும் 2006இல் ஏஎம்டியும் செயலியிலேயே அதற்கான வசதியைச் சேர்த்தன. விடி-எக்ஸ், ஏஎம்டி-வி என்பன அவற்றின் பெயர்கள். இவ்விரு பெயர்களும் இக்கட்டுரையில் மீண்டும் வரும். நிறுவல் தோல்விகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

இருப்பது ஒரு மடிக்கணினி

உப்பளத் தொழிலாளர் குடும்பத்து மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். அவள் வீட்டில் இருப்பது அவளுடைய அக்காள் பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற மடிக்கணினி. நினைவகம் 4 ஜிபி. தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. அத்திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. பாஸ் என்பது இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயக்க அமைப்பு. டெபியன் என்னும் கட்டற்ற இயக்க அமைப்பை அடிப்படையாகக் கொண்டது. மாணவி அந்த டெபியனையே நேரடியாக நிறுவிக் கற்க விரும்புகிறாள்.

மடிக்கணினியில் அக்காளின் கல்லூரிக் குறிப்புகள், குடும்ப ஒளிப்படங்கள், தந்தையின் கூலிக் கணக்கு யாவும் உள்ளன. அதன் வன்தட்டில் புதிய இயக்க அமைப்பை நிறுவும்போது ஒரு தவறான தெரிவு நேர்ந்தால் அனைத்தும் அழியும். ஆகவே, ஆசிரியர் அவளை மெய்நிகர் கணினியில் நிறுவச் சொல்கிறார். இது நல்ல அறிவுரை. இடர் வருவது அதன் பிறகுதான். மெய்நிகர் கணினியில் மூன்று முறை தோற்றவர், சலிப்பினால் நேரடியாகவே நிறுவிவிடலாம் என்று எண்ணத் தொடங்குகின்றனர். அவ்வெண்ணம் தோன்றும் நேரத்திற்குத்தான் இக்கட்டுரை.

நிறுவியானது ‘வன்தட்டு முழுவதையும் அழிக்கவா?’ என்று கேட்கும்போது, அது எந்த வன்தட்டைக் குறிக்கிறது என்று படித்தல் வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸில் உருவாக்கிய மெய்நிகர் வட்டு, ‘விபாக்ஸ் ஹார்டிஸ்க்’ என்ற பெயருடனும் நாம் வகுத்த 20 அல்லது 25 ஜிபி அளவுடனும் தோன்றும். அதை அழிப்பதால் புரவலர் கணினிக்கு யாதொரு கேடும் இல்லை. 320 அல்லது 500 ஜிபி என்று திரை காட்டினால், கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட வேண்டும். அது அக்காளின் வன்தட்டு.

தொடங்கவே மறுக்கும்போது

நிறுவலின் முதற்படியில், விருந்தினர் கணினி விழித்தெழுந்து, எதிலிருந்து தொடங்குவது என்று தேடுகிறது. நாம் அளிக்கும் ஐஎஸ்ஓ கோப்பை அது குறுந்தட்டாகவே கருதும். அக்கோப்பு இணைக்கப்படவில்லையெனில், தொடங்கத்தக்க ஊடகம் இல்லை என்ற செய்தியுடன் கணினி நின்றுவிடும். இது நோய் அன்று, மறதி.

சற்றே குழப்பம் தருவது வேறொன்று. புதிய விருந்தினரை உருவாக்கும்போது பட்டியலில் 32 பிட் அமைப்புகள் மட்டுமே தோன்றும். 64 பிட் அமைப்புகள் காணப்படா. அல்லது, ‘இக்கருநிரலுக்கு 64 பிட் செயலி தேவை; இங்கு இருப்பதோ ஐ686’ என்னும் பொருளில் ஒரு வரி தோன்றி நின்றுவிடும். மாணவர் தம் செயலி பழையது என்று முடிவு கட்டிவிடுவர். பெரும்பாலும் அம்முடிவு தவறு. செயலியில் விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி வசதி இருந்தும், பயாஸ் அமைப்பில் அது முடக்கி வைக்கப்பட்டிருக்கும். விண்டோஸின் பணி மேலாளரில், செயல்திறன் பகுதியில் செயலியைத் தேர்ந்தால், மெய்நிகராக்கம் இயங்கு நிலையில் உள்ளதா, முடங்கியுள்ளதா என்பது ஒரே சொல்லில் தெரியும். முடங்கியிருந்தால் கணினியை மீளத் தொடங்கி, பயாஸில் நுழைந்து இயக்க வேண்டும். இதற்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் இதை அறியாதவர் இரண்டு நாள்கள் ஐஎஸ்ஓ கோப்புகளை மாற்றி மாற்றிப் பதிவிறக்கிக்கொண்டிருப்பர்.

விண்டோஸின் சொந்த ஹைப்பர்-வி இயங்கிக்கொண்டிருந்தால், அது செயலியின் அவ்வசதியைத் தன்வசம் வைத்துக்கொள்ளும். 2018 இறுதியில் வெளிவந்த விர்ச்சுவல்பாக்ஸ் 6.0 முதல், இந்நிலையிலும் ஒருவாறு இயங்கும் வழி செய்யப்பட்டுள்ளது. எனினும் வேகம் பெரிதும் குறையும். அப்போது சாளரத்தின் அடிப்பகுதியில் சிறிய பச்சை ஆமை ஒன்று தோன்றும். மென்பொருள் எழுதுவோர்க்கும் நகைச்சுவை உண்டு. நிறுவல் நின்றுவிட்டது என்று நாம் கருதுவது, உண்மையில் ஆமையின் நடையாக இருக்கலாம்.

பாதி வழியில் நிற்கும்போது

மொழி, விசைப்பலகை ஆகியவற்றைத் தேர்ந்து, வட்டைப் பிரித்து, கோப்புகளை விரித்து எழுதும் நிலைக்கு வந்தபின் நேரும் தோல்விகளே கடினமானவை. டெபியனின் நிறுவியைத் தமிழிலேயே இயக்கலாம். ஆயினும் அது தோல்வியைச் சொல்லும் முறை எந்த மொழியிலும் ஒன்றுதான்: ‘மென்பொருள்களைத் தேர்ந்து நிறுவும் படி தோல்வியுற்றது’ என்ற அளவில் அது நின்றுவிடும். எங்கே தோற்றது என்பதை அது கூறுகிறது. ஏன் தோற்றது என்பதைக் கூறவில்லை. ஏன் என்பது பதிவேட்டில் இருக்கிறது. டெபியன் நிறுவியில் நான்காம் திரைக்குச் சென்றால், நிறுவி தன் செயல்களை வரிவரியாக எழுதிவருவதைக் காணலாம். புரவலர் பக்கத்திலும், விருந்தினர் கணினியின் கோப்புறையில் ‘லாக்ஸ்’ என்னும் உட்பிரிவில் விர்ச்சுவல்பாக்ஸ் தனக்கென ஒரு பதிவேட்டை வைத்துள்ளது. அதன் கடைசி இருபது வரிகளைப் படிப்பவர், பிழைச் செய்தியை மட்டும் பார்த்து ஊகிப்பவரைவிட விரைவில் விடை காண்பார். ஆங்கிலம் முழுதும் விளங்காவிட்டாலும் இடம் இல்லை, படிக்க இயலவில்லை, கோப்பு பொருந்தவில்லை என்னும் மூன்று பொருள்களில் எது என்று பிரித்தறிந்தால் போதும்.

இடம் இல்லை என்பது பலரைத் திகைக்க வைக்கும். ‘20 ஜிபி ஒதுக்கினேனே’ என்பர். மெய்நிகர் வட்டு இருவகைப்படும். ஒருவகை, கூறிய அளவைத் தொடக்கத்திலேயே முழுதாக எடுத்துக்கொள்ளும். மற்றொரு வகை, தேவைக்கேற்ப வளரும். 20 ஜிபி என்று விருந்தினரிடம் சொல்லப்பட்டிருந்தாலும், புரவலரின் வன்தட்டில் தொடக்கத்தில் சில எம்பி மட்டுமே அடைத்திருக்கும். புரவலரிடம் 6 ஜிபிதான் எஞ்சியுள்ளது என்றால், விருந்தினர் அதைக் கடக்க முயலும்போது சிக்கிக்கொள்ளும். ஏட்டளவில் வழங்கிய நிலத்தில் கால் வைத்தபின்தான் அங்கே நீர் நிற்பது தெரியவருவது போன்றது இது. நல்வாய்ப்பாக, விர்ச்சுவல்பாக்ஸ் இந்நிலையில் விருந்தினரை அழிப்பதில்லை, இடைநிறுத்தி வைக்கிறது. புரவலர் கணினியில் வேண்டாத கோப்புகளை நீக்கி இடம் உண்டாக்கியபின் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். பதற்றத்தில் சாளரத்தை மூடுபவர்தாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியவர் ஆகின்றனர்.

நினைவகத்தைப் பங்கிடுவதில் ஈகையும் அளவும் சேர்ந்து வேண்டும். வரைகலைத் திரையுடன் கூடிய டெபியன் 12க்கு 2 ஜிபி நினைவகம் பரிந்துரைக்கப்படுகிறது. நம் மாணவியின் கணினியில் இருப்பது 4 ஜிபி. விருந்தினருக்குத் தாராளமாக 3 ஜிபி அளித்தால், எஞ்சிய 1 ஜிபியில் விண்டோஸ் மூச்சுத் திணறும். வன்தட்டை நினைவகம் போலப் பயன்படுத்தத் தொடங்கும். அப்போது இரண்டும் நின்றதுபோல் தோன்றும். 2 ஜிபி அளித்து, உலாவி முதலிய பிற மென்பொருள்களை மூடிவைப்பதே தகும். விருந்தினருக்கு இலை நிறையப் படைத்துவிட்டு வீட்டார் பட்டினி கிடந்தால், அடுத்த வேளைக்கு அடுப்பு எரியாது.

கோப்பு பொருந்தவில்லை என்பதன் மூலம் பெரும்பாலும் ஐஎஸ்ஓ கோப்பில் உள்ளது. இணைய இணைப்பு இடையிடையே அறுபட்டால், பதிவிறக்கம் முடிந்ததாகக் காட்டினும் கோப்பு குறைபட்டிருக்கலாம். இதை அறிய, வெளியிடுவோர் ஒவ்வோர் ஐஎஸ்ஓ கோப்புடனும் ஷா-256 என்னும் சுருக்கக்குறியையும் தருகின்றனர். அது 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு தொடர். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் தொடர் முற்றிலும் வேறாகிவிடும். நம் கணினியில் கணக்கிட்ட தொடரும் வெளியீட்டாளர் தந்த தொடரும் ஒன்றாயின் கோப்பு நன்று. இல்லையேல், அதைக் கொண்டு எத்தனை முறை நிறுவினும் அதே இடத்தில்தான் நிற்கும்.

பள்ளி ஆய்வகத்திலிருந்து பென்டிரைவில் ஐஎஸ்ஓ கோப்பை எடுத்துச் செல்வோர் மற்றோர் இடறலைச் சந்திப்பர். ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென்டிரைவில் 4 ஜிபியை எட்டும் எந்தத் தனிக்கோப்பும் ஏறாது. பென்டிரைவின் கொள்ளளவு 32 ஜிபியாக இருப்பினும் ஏறாது. அதனை எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்துக்கொண்டால் இத்தடை நீங்கும். அவ்வாறு வடிவமைக்கும்போது பென்டிரைவில் முன்பிருந்தவை அழியும் என்பதையும் நினைவிற்கொள்க.

ஒரே இடமா, வெவ்வேறு இடமா?

இதுவரை கூறியவற்றை எல்லாம் சோதித்தும் நிறுவல் தோற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. என் மதிப்பில், இக்கட்டுரையில் உள்ள அனைத்திலும் பயன் மிக்கது இவ்வினாவே. நிறுவல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறதா, வெவ்வேறு இடங்களில் நிற்கிறதா?

ஒரே இடத்தில் நின்றால், மாறாத ஒன்றில் குறை உள்ளது: ஐஎஸ்ஓ கோப்பிலோ, நாம் வகுத்த அமைப்பிலோ, வட்டின் அளவிலோ தேடலாம். முதன்முறை 30 விழுக்காட்டிலும், மறுமுறை 71 விழுக்காட்டிலும், மூன்றாம் முறை தொடக்கத்திலேயும் நின்றால், காரணம் வேறு. கோப்பு முதல்நாள் இருந்தபடியே இருக்கிறது, கட்டளைகளும் அவையே. மாறிக்கொண்டிருப்பது கணினியின் உடல். ஷா-256 தொடரை ஒரே கோப்புக்கு இருமுறை கணக்கிட்டு, இருமுறையும் வெவ்வேறு விடை வந்தால் ஐயமே இல்லை. புரவலரின் நினைவகமோ வன்தட்டோ நம்பத்தக்கதாக இல்லை. மின்னோட்டம் ஏறி இறங்குவதும் சில வேளைகளில் காரணமாகலாம். புயல், மழைக் காலங்களில் இக்கடற்கரையார் அதை நன்கு அறிவர்.

இவ்விடத்தில்தான் மரக்காணத்து உப்புக் காற்றுக் கணினிக்குள் வருகிறது. மெய்நிகர் கணினிக்குத் துருப்பிடிப்பதில்லை. ஆனால் அது நிற்பது உலோகத்தின்மீது. கடற்காற்றில் மிதந்துவரும் நுண்ணிய உப்புத்துகள்கள் கணினியின் காற்றுத் துளைகள் வழியே நுழைந்து தொடுமுனைகளில் படிகின்றன. உலர்ந்த உப்பு பெரிதும் தீங்கு செய்வதில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடக்கும்போது, சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீரைத் தானே ஈர்த்துக் கரைந்து உவர்நீராகிவிடும். கடற்கரை இரவுகளில் இது வழக்கமான அளவு. சமையலறை உப்புச் சாடி மழைக்காலத்தில் கசிவதும் இதனால்தான். அவ்வுவர்நீர் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். உப்பளத்துப் பாத்தியில் நிகழ்வது தலைகீழாக, மிகச் சிறிய அளவில், நினைவகத் தகட்டின் விளிம்பில் நிகழ்கிறது. தொடர்ந்து பயன்படும் கணினி தன் வெப்பத்தால் ஓரளவு உலர்ந்திருக்கும். விடுமுறையில் மாதக்கணக்கில் மூடிக் கிடப்பதே மிகுதியும் பாதிப்புறும்.

இதை உறுதி செய்ய மெம்டெஸ்ட்86+ என்னும் கட்டற்ற மென்பொருள் உதவும். அதைப் பென்டிரைவில் இட்டு, உண்மைக் கணினியை அதிலிருந்து தொடங்கி, ஓரிரவு ஓட விடலாம். மெய்நிகர் கணினிக்குள் அதை ஓட்டுவதால் பயன் குறைவு. விருந்தினருக்குத் தரப்பட்ட பங்கை மட்டுமே அது தொட்டுப் பார்க்கும். சிவப்பு வரி ஒன்று தோன்றினாலும் நினைவகம் ஐயத்திற்குரியது. அதன்பின் ஆசிரியர் அல்லது பழுதுபார்ப்பவர் முன்னிலையில், மின்னிணைப்பையும் மின்கலத்தையும் நீக்கி, நினைவகத் தகட்டை எடுத்து, அதன் தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்ககாலில் நனைத்த மென்துணியால் துடைத்து, நன்கு உலரவிட்டு மீண்டும் பொருத்தலாம். பென்சில் அழிப்பானால் தேய்க்கும் வழக்கம் கடைகளில் உண்டு. பளபளப்பு வருவது உண்மையே. ஆனால் தொடுமுனையின்மேல் உள்ள மெல்லிய தங்கப்பூச்சும் அத்துடன் போய்விடும். அடுத்த மழைக்காலத்தில் அரிப்பு இன்னும் விரைவாக வரும்.

எந்தச் சோதனையிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். நினைவகத்தைத் துடைத்து, ஐஎஸ்ஓ கோப்பையும் மாற்றி, விருந்தினரின் அமைப்பையும் திருத்திவிட்டு நிறுவல் வெற்றி பெற்றால் மகிழலாம்; ஆனால் எது பழுது என்பது தெரியாமலே போய்விடும். அடுத்த முறை அக்குறை மீண்டும் வரும்போது மூன்றையும் திரும்பச் செய்ய நேரும். ஒரு குறிப்பேட்டில் நாள், மாற்றியது, நின்ற இடம் என மூன்று பத்திகள் இட்டு எழுதி வருவது நன்று.

முடிந்தும் முடியாதது

நிறுவல் முடிந்தது என்ற செய்தி வந்து, மீளத் தொடங்கியபின் மறுபடியும் ‘மொழியைத் தேர்க’ என்ற முதற்திரையே வந்து நிற்பதுண்டு. நிறுவல் தோற்கவில்லை. ஐஎஸ்ஓ கோப்பு இன்னும் இணைந்திருப்பதால், விருந்தினர் வட்டிலிருந்து தொடங்காமல் மீண்டும் அதிலிருந்தே தொடங்குகிறது. அதை நீக்கினால் போதும். நீக்கியபின்னும் தொடங்கவில்லையெனில், தொடக்க நிரலாகிய கிரப் வட்டில் எழுதப்பட்டதா என்று பார்க்க வேண்டும். டெபியன் நிறுவி இறுதிக்கட்டத்தில், அதனை எந்த வட்டில் எழுதுவது என்று கேட்கும். அங்கே வட்டின் பெயரைத் தேர்ந்தெடுக்காமல் கடந்தவர்க்கு இந்நிலை நேரும். மற்றொரு காரணமும் உண்டு. யூஇஎஃப்ஐ முறையில் நிறுவிவிட்டு, பிறகு விருந்தினரின் அமைப்பில் அதனை அணைத்துவிட்டால், வீட்டின் வாசல் கிழக்கே இருக்க மேற்கே சென்று கதவைத் தேடுவதாக முடியும். எந்த முறையில் நிறுவினோமோ அந்த முறையிலேயே தொடங்க வேண்டும்.

விண்டோஸ் 11ஐ விருந்தினராக நிறுவ முயல்வோர், கணினி இதற்குத் தகுதியற்றது என்ற மறுப்பைக் காண்பர். அது டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. விர்ச்சுவல்பாக்ஸில் மெய்நிகர் டிபிஎம் வசதி 2022இல் வந்த 7.0 பதிப்பில்தான் சேர்ந்தது. இத்தகைய மறுப்பு பழுதால் வருவதன்று, நிபந்தனையால் வருவது.

விசைப்பலகை பற்றியும் ஒரு சொல். தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்து நிறுவுவோர், கடவுச்சொல்லைத் தமிழில் தட்டினரா ஆங்கிலத்தில் தட்டினரா என்பதைக் கவனித்தல் வேண்டும். கடவுச்சொல் திரையில் புள்ளிகளாகவே தெரியும். எல்லாம் நன்றாக முடிந்து, உள்ளே நுழைய மட்டும் இயலாமல் நிற்பது மிக வருத்தமான தோல்வி.

சேம அச்சு

உப்பு வணிகராகிய உமணர், உப்பு மூட்டைகளை வண்டியில் ஏற்றி நெடுந்தொலைவு சென்றவர். பள்ளமும் மேடும் நிறைந்த வழியில் அச்சு முறியக்கூடும் என்பதால், வண்டியின் கீழே மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டே புறப்பட்டனர். அதனைச் சேம அச்சு என்பர். அதியமானின் மகன் பொகுட்டெழினியை அவ்வையார் இதற்கு ஒப்பிட்டதைப் புறநானூற்றின் 102ஆம் பாடலில் காணலாம்.

மெய்நிகர் கணினியிலும் இத்தகைய ஓர் ஏற்பாடு உண்டு. விருந்தினரின் அப்போதைய நிலையை, வட்டும் அமைப்பும் உள்ளவாறே ஒரு பொத்தானை அழுத்திப் பதித்து வைக்கலாம். இதனை நிலைப்பதிவு எனலாம். மென்பொருளில் ‘ஸ்னாப்ஷாட்’ என்ற பெயரில் இருக்கும். இயக்க அமைப்பு நல்லபடியாக நிறுவப்பட்டு முதல்முறை உள்நுழைந்த உடனே ஒரு பதிவு எடுத்துக்கொண்டால், பின்னர் எந்தக் கட்டளையைத் தவறாகத் தந்து கெடுத்தாலும் சில நொடிகளில் அந்நிலைக்குத் திரும்பலாம். நிறுவலைக் கற்பதற்கு மெய்நிகர் கணினி உண்மைக் கணினியைவிடச் சிறந்தது என்பது இதனால்தான். அச்சமின்றி உடைத்துப் பார்க்கலாம். பதிவுகளை அளவின்றிச் சேர்ப்பதும் ஆகாது. ஒவ்வொன்றும் புரவலரின் வன்தட்டில் இடம் பிடிக்கும். முன்னர்க் கண்ட இடநெருக்கடி வேறு வழியாக வந்து சேரும்.

சேம அச்சும் அதே வண்டியின் கீழேதான் கட்டப்பட்டுள்ளது. வண்டியே வெள்ளத்தில் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். நிலைப்பதிவு இருப்பதும் புரவலரின் அதே வன்தட்டில். அவ்வன்தட்டு பழுதானால் விருந்தினரும் பதிவும் ஒருங்கே மறையும். அக்காளின் குறிப்புகளும் தந்தையின் கணக்கும் அவ்வாறே. ஆகவே, விருந்தினரை ‘ஏற்றுமதி’ செய்து ஒரே கோப்பாக்கி, வேறொரு வன்தட்டிலோ பள்ளி ஆய்வகக் கணினியிலோ ஒரு படி வைக்கலாம். வீட்டுக் கோப்புகளின் படியை அதற்கும் முன்பே, முதல் ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்கத் தொடங்கும் நாளிலேயே எடுத்துவிட வேண்டும். அதற்கு ஃபேட்32 பென்டிரைவே போதும். குறிப்புகளும் கணக்கும் 4 ஜிபியை எட்டுவதில்லை.